மயிலைக்காளைக்கு விழுந்த மொட்டை

சங்கரம்மாள் கட்டை அடுக்குவதைக் காட்டவென்றே எங்கள் முதலாளி வெளியூர் வியாபாரிகளை உள்ளே கூட்டிவருவார். கட்டை என்பது பல் பல்லாக வெட்டிய மெல்லிய மரச்சட்டங்களின் அடுக்கு. பல்லுக்கொரு தீக்குச்சியை வைத்து, அதன்மேல் அடுத்த சட்டத்தைப் பொருத்தி, நிறைந்ததும் இறுக்கிக் கொடுத்தால் அது மெழுகுக்கும் மருந்துக்கும் போகும். மற்ற பெண்கள் குனிந்து பார்த்துத்தான் அடுக்குவார்கள். சங்கரம்மாள் பார்க்கமாட்டாள். கை அதுபாட்டுக்கு ஓடும். கண் ஹாலைச் சுற்றிவரும். வாய் ஒருத்தியையும் விட்டுவைக்காது.

“இதென்னம்மா மாயம்?” என்று ஒரு மதுரை வியாபாரி கேட்டார்.

“மாயம் ஒண்ணுமில்ல அண்ணாச்சி. பத்து வயசுலருந்து நான் குச்சியப் பாத்தாச்சு. இனிமே அது என்னையப் பாத்துக்கிடட்டும்னு விட்டுட்டேன்” என்றாள்.

கோவில்பட்டிப் பக்கத்தில் தீப்பெட்டித் தொழிற்சாலையைத் தீப்பெட்டி ஆபீஸ் என்றுதான் சொல்வோம். அந்த ஆபீசின் முன்னறையில் தமிழிலும் இங்கிலீஷிலும் கடிதங்களை டைப் அடிப்பது என் வேலை. சங்கரம்மாளும் நானும் ஒரே ஊர். இடைசெவலுக்குக் கிழக்கே, கரிசல் காட்டுக்கு நடுவில், ஒரே தெரு. விடியுமுன் வந்து நிற்கும் ஆபீஸ் வேனில் பக்கத்துப் பக்கத்து இடம்.

அவள் பத்து வயதில் வேன் ஏறியதற்குக் காரணம் அவளுடைய அம்மாவின் பிரசவம். அம்மா எழுந்து நடமாடுகிற வரைக்கும் போகட்டும் என்று அனுப்பினார்கள். அம்மா எழுந்தாள், நடமாடினாள், களையெடுக்கப் போனாள். சங்கரம்மாள் மட்டும் பள்ளிக்கூடம் திரும்பவில்லை. போகக்கூடாது என்று யாரும் தடுக்கவில்லை. போ என்று யாரும் சொல்லவுமில்லை. எங்கள் ஊர்ப் பெண்பிள்ளைகள் அநேகமாக இப்படித்தான் போனார்கள். மழை பெய்கிற வரைக்கும், பருத்தி வெடிக்கிற வரைக்கும், அண்ணன் கல்யாணம் முடிகிற வரைக்கும்.

இதை அவள் ஒரு குறையாகச் சொல்லி நான் கேட்டதில்லை. சொந்த உழைப்பில் வாங்கிய எட்டுக்கல் மூக்குத்தி போட்டிருந்தாள். மில்லில் ஷிப்டு முடிந்து வரும் புருஷனிடம், “உலை கொதிக்குது, அரிசியப் போடுங்க” என்று தெருவில் நாலு பேர் கேட்கவே சொல்வாள். ஒரே ஒரு விஷயத்தில்தான் அவளுக்குப் பிடிவாதம். அவளுடைய அண்ணன் மகள் உலகம்மாள் வேன் ஏறக்கூடாது. உலகம்மாள் அப்போது ஐந்தாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தாள். அந்தப் படிப்புக்கு ஒரு மயிலைக்காளையின் வயிற்றிலிருந்து ஆபத்து வந்தது.

அண்ணன் வேல்சாமியிடம் ஒரு சோடி மாடு உண்டு. அதில் சாம்பல் பூத்த வெள்ளை நிறத்து மயிலைக்காளை கழுகுமலைச் சந்தையில் அவரே தேடிப் பிடித்துவந்தது. முழங்கால் உயரத்தில் நிற்கும் இளஞ்சோளம் மாட்டுக்கு விஷம் என்பது கரிசலில் சின்னப்பிள்ளைக்கும் தெரியும். மாட்டுக்குத் தெரியவில்லை. கார்த்திகை மாதத்தில் ஒருநாள் கயிற்றை அறுத்துக்கொண்டு போய் வயிறு முட்ட மேய்ந்துவிட்டது. ஆட்கள் ஓடிப்போய்ப் பார்த்தபோது வயிறு ஊதி, வாயில் நுரை தள்ளி, சோளத்துக்குள்ளேயே சாய்ந்து கிடந்தது. கருப்பட்டியைக் கரைத்து, மூங்கில் கொட்டத்தால் அதன் வாயில் ஊற்றினார்கள். வேல்சாமி அதன் தலைமாட்டில் மண்டியிட்டு, “இருக்கன்குடித் தாயே, என் மாட்ட எந்திரிக்க வையி. எம்மவ முடிய உனக்குத் தாரேன்” என்று கத்தினார்.

வாயில் முதலில் வந்தது அதுதான். அவர் வீட்டில் ஊரார் கண் படுகிற அழகு இரண்டுதான் இருந்தது. ஒன்று சோளத்துக்குள் கிடந்தது. இன்னொன்று உலகம்மாளின் முடி. பின்னிவிட்டால் இடுப்புக்குக் கீழே தொங்கும்.

மாடு எழுந்துவிட்டது. தை மாதம் கடைசி வெள்ளிக்கிழமை குடும்பத்தோடு இருக்கன்குடி அம்மன் கோயிலுக்குப் போனார்கள். ஆற்று மணலில் உட்காரவைத்துத் தலையில் தண்ணீர் தெளிக்கும்வரை உலகம்மாளிடம் யாரும் எதையும் கேட்கவில்லை. அவள்தான் கேட்டாள்.

“அய்யா, வயிறு ஊதுனது மயிலைக்குத்தான? அப்பம் மயிலைக்குல்ல மொட்ட போடணும்?”

சிரைக்க உட்கார்ந்தவர் சிரித்த சிரிப்பில் கத்தியைக் கீழே வைக்கவேண்டியதாகிவிட்டது. வேல்சாமி சிரிக்கவில்லை. “சாமி காரியத்துல வெளையாடாத” என்றார். அவர் காதை மூடுகிற மாதிரி ஹிப்பி முடி வளர்த்திருந்தார். சட்டைப்பையில் எப்போதும் சீப்பு இருக்கும்.

திங்கட்கிழமை உலகம்மாள் மொட்டைத் தலையோடு பள்ளிக்கூடம் போனாள். மத்தியான மணிக்கு முன்பே வீட்டுக்கு வந்து படுத்துக்கொண்டாள். மறுநாள் போகவில்லை. அதற்கடுத்த நாளும் போகவில்லை. அவள் அம்மா கோமதியம்மாள் சந்தனம் பூசிவிட்டாள், தலையில் துண்டைக் கட்டிவிட்டாள், அடித்தும் பார்த்தாள். பிள்ளை நிலைப்படியைத் தாண்டவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை செல்லத்துரை வந்தான். எங்கள் வேனுக்கு ஊர் ஊராக ஆள் பிடித்துவிடுகிற ஏஜெண்டு. யார் வீட்டில் எந்தப் பிள்ளை சும்மா இருக்கிறது என்பது அவனுக்கு எப்படியோ தெரிந்துவிடும்.

“பிள்ள சும்மாதான அண்ணாச்சி கெடக்கு? முடி வளர்ற வரைக்கும் அனுப்புங்களேன். அங்கன எல்லாம் பொம்பளைகதான், யாரு கேலி பண்ணப் போறா?”

வேல்சாமி சட்டைப்பையைத் தடவிக்கொண்டே, “முடி வளர்ற வரைக்குந்தான?” என்றார்.

நாலு வீடு தள்ளி இருக்கும் சங்கரம்மாளுக்கு இது எட்டியது. ஓடிவந்து சண்டை போடுவாள் என்று தெருவே காத்திருந்தது. அவள் வந்து வாசலில் நின்று, “அனுப்பு. எம் பக்கத்துல உக்காந்துக்கிடட்டும்” என்றாள். கோமதியம்மாள் கையிலிருந்த முறம் அப்படியே நின்றுபோயிற்று. எனக்கும் புரியவில்லை.

மறுநாள் வேனில் அவளே சொன்னாள். உலகம்மாள் துண்டால் தலையை மூடி, ஜன்னலோரம் சுருண்டு தூங்கிக்கொண்டிருந்தாள்.

“பள்ளிக்கூடத்துல நாலு பயலுவ கேலி பண்ணியிருப்பானுவ. வீட்டுலயே கெடந்தா அந்த நாலு கேலியும் நாப்பதா வளரும். நம்ம ஹால்ல நாப்பது பேரு இருக்காளுக. ஒரு நா முழுக்கக் கேக்கட்டும். காது பழகிப்போச்சுன்னா பெறவு எந்தப் பய என்ன சொன்னா என்ன? அடுத்த திங்கக்கெழம அவளாப் போயிருவா, பாரு.”

பிறகு பிள்ளையை எழுப்பி, “ஏட்டி, வேடிக்க பாக்கலாம், திங்கலாம், தூங்கலாம். குச்சியத் தொட்ட, கைய ஒடிச்சிருவேன்” என்றாள்.

ஹாலுக்குள் நுழைந்ததும் அவளே அந்தத் துண்டை உருவி உலகம்மாளின் மடியில் போட்டாள். நாற்பது கட்டைகளும் ஒரு நிமிஷம் நின்றன. முதல் குரல் பத்திரகாளியுடையது. சங்கரம்மாளுக்குச் சரியான போட்டி அவள்.

“என்ன சங்கரம்மா, வரும்போதே வெங்கலச் செம்ப வெளக்கி எடுத்துட்டு வந்திருக்க?”

“உங்க வீட்டுல செம்பே கெடையாதுல்லா, அதான் காட்டலாம்னு கொண்டாந்தேன்.”

“கொஞ்சம் தள்ளி உக்காரச் சொல்லு தாயீ. வெளிச்சம் கண்ணக் கூசுது.”

“ஆபீசுல கரண்டு போனாலும் இனிமே வேல நிக்காது” என்றாள் ஒருத்தி. “உரிச்ச தேங்கா” என்றாள் இன்னொருத்தி. “ரெண்டு கண்ணும் வாயும் இருக்கு, தேங்காயேதான்” என்றாள் மூன்றாமவள்.

உலகம்மாள் தலையைக் கவிழ்த்துக்கொண்டே இருந்தாள். சங்கரம்மாள் அவளைத் தேற்றவில்லை. கட்டையை அடுக்கிக்கொண்டே ஒவ்வொரு கேலிக்கும் பதில் கொடுத்தாள். வேலை ஓடுவதற்காக நாள் முழுக்க இப்படிப் பேசிக்கொள்வது அந்த ஹாலின் வழக்கம். யார் மூக்கும் யார் புருஷனும் அங்கே தப்பியதில்லை. மத்தியானத்துக்குள் கேலி மொட்டையை விட்டு வேறு ஒருத்தியின் மாமியாருக்குப் போய்விட்டது. சாப்பாட்டு வேளையில் பத்திரகாளி தன் தூக்குவாளியிலிருந்து ஒரு அவித்த முட்டையை எடுத்து நீட்டினாள்.

“இந்தா, உங்க சொந்தக்காரன்.”

உலகம்மாள் முட்டையை வாங்கிக்கொண்டாள். பத்திரகாளியின் பெரிய கொண்டையை ஏற இறங்கப் பார்த்தாள்.

“உங்க கொண்டையில பாதி சவுரிதான அத்த? எனக்காவது வளரும்.”

ஹால் முழுக்க எழுந்த சத்தத்தில் நான் டைப் அடிப்பதை விட்டுவிட்டு எட்டிப் பார்த்தேன். பத்திரகாளி தலையில் கைவைத்துக்கொண்டு எல்லாரையும் விட அதிகமாகச் சிரித்துக்கொண்டிருந்தாள். சங்கரம்மாள் என்னைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினாள். சொன்னேன்ல என்று அதற்கு அர்த்தம்.

அவள் கணக்கு அதுவரைக்கும் சரிதான். அதற்கு மேல்தான் தப்பியது. அடுத்தடுத்த நாட்களில் உலகம்மாள் தூங்கிக்கொண்டு வரவில்லை. எங்களுக்கு முன்னால் போய் வேனுக்குக் காத்து நின்றாள். ஹாலில் அவளுக்கு நாற்பது அத்தைகள். ஒருத்தி கடலைமிட்டாய் கொண்டுவந்தாள், ஒருத்தி லேபிள்களில் படம் நன்றாக இருப்பதைப் பொறுக்கிக் கொடுத்தாள். தலையில் கறுப்பாகப் பொடிமுடி முளைப்பதை ஆளுக்கொரு தடவை தடவிப் பார்த்து, “வந்துட்டு, வந்துட்டு” என்றார்கள். கேலிக்கும் அவளிடம் பதில் தயாராக இருந்தது.

சனிக்கிழமை சாயங்காலம் வேலை முடிகிற நேரம். சங்கரம்மாள் கை கழுவப் போய்த் திரும்பியபோது, அவள் பாதியில் விட்டுப்போன கட்டை நிறைந்திருந்தது. பக்கத்தில் உலகம்மாள் அடுத்த சட்டத்தை எடுத்துக் குச்சிகளைப் பரத்திக்கொண்டிருந்தாள். குனிந்து பார்க்கவில்லை. கை அதுபாட்டுக்கு ஓடியது.

கையை ஒடிப்பேன் என்று சொன்னவள் அடிக்கக்கூட இல்லை. சட்டத்தை வாங்கிக் கீழே வைத்தாள். வேனில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் கேட்டாள்.

“திங்கக்கெழம பள்ளிக்கூடம் போறியா?”

“இங்கனயே வாரேன் அத்த. நல்லாத்தான இருக்கு.”

“பத்திரகாளி வாயையே அடச்சுட்ட. அந்தப் பயலுவ வாய அடைக்க முடியாதா உனக்கு?”

“மொட்டைன்னா சொல்லிக்கிடட்டும். அதுக்கு ஒண்ணுமில்ல.”

“பெறவு?”

பிள்ளை ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். இருட்டுகிற கரிசலில் பார்ப்பதற்கு ஒன்றுமில்லை. வெளியே பார்த்தபடியே சொன்னாள். மொட்டையோடு போன அந்தத் திங்கட்கிழமை வாத்தியார் நல்லவிதமாகத்தான் கேட்டாராம், யாருக்கு உடம்பு சரியில்லை என்று நேர்ந்தீர்கள் என்று. இவள் எழுந்து நின்று, “மயிலைக்காளைக்கு சார்” என்றாளாம். வாத்தியாரே வாயைப் பொத்திக்கொண்டாராம். அவளோடு படிக்கிற, எங்கள் ஊர் உக்கிரபாண்டி மகன் சௌந்தரபாண்டியன்தான் ‘மாட்டு மொட்டை’ என்று ஆரம்பித்துவைத்தானாம்.

“வகுப்புல போன வருசம் மூணு பேரு மொட்ட போட்டாவ. ஒருத்தனுக்கு அம்மை போட்டிருந்துச்சு. ஒருத்தி அவிய அம்மாவுக்கு வேண்டிப் போட்டா. என்னைய மட்டும் மாட்டுக்குப் போட்டுட்டாவ. அதுக்கு நான் என்ன அத்த பதில் சொல்ல?”

சங்கரம்மாள் ஊர் வரும்வரை மூக்குத்தியைத் திருகிக்கொண்டே வந்தாள். ஒரு வாரமாகத் தான் வேறு எதற்கோ மருந்து கொடுத்துக்கொண்டிருந்தது அவளுக்குப் புரிந்திருக்கவேண்டும். இறங்கும்போது, “இன்னும் ஒரு வாரம் வந்தா இவ என்னைய மாதிரியே அடுக்குவா” என்றாள். என்னிடம் சொன்ன மாதிரி தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவள் அண்ணன் வீட்டு மாட்டுத்தொழுவுக்குப் போனாள். எங்கள் வீட்டுக்கும் அந்தத் தொழுவுக்கும் நடுவே ஒரு முள்வேலிதான். வேல்சாமி மயிலைக்காளைக்குப் பருத்திக்கொட்டை வைத்துக்கொண்டிருந்தார்.

“அண்ணே, இந்த மாடு யாரு மாடு?”

“என்னட்டி கேள்வி? என் மாடு. கழுகுமலையில புடிச்சுட்டு வந்தது.”

“கழுகுமலையில புடிச்ச மாடு கார்த்திகையில சோளத்துக்குள்ள விழுந்துச்சு. அதோட உனக்கும் அதுக்கும் தீந்துபோச்சு. பெறவு எந்திரிச்சது ஆத்தா குடுத்த மாடு. அத ஆத்தா சும்மாவா குடுத்தா? வெல வாங்கிட்டுத்தான குடுத்தா? யாருகிட்ட வாங்குனா?”

வேல்சாமி நிமிர்ந்தார். சங்கரம்மாள் அவர் தலையைப் பார்த்தாள்.

“உன் தலையில ஒரு முடி கொறையல. சீப்பு கூடப் பையிலதான் இருக்கு.”

உள்ளே கோமதியம்மாள் சிரிப்பை அடக்க இருமுவது கேட்டது.

“பொட்டப்பிள்ளைக்கு எதுக்குட்டி மாடு?”

“நேரும்போது பொட்டப்பிள்ளைன்னு தோணலையே உனக்கு?”

“கோட்டி புடிச்சுப்போச்சா உனக்கு? வெளையாடுதியா?”

“சாமி காரியத்துல யாராவது வெளையாடுவாங்களா? நீதான ஆத்தங்கரையில அந்தப் பிள்ளகிட்டச் சொன்ன. இப்பம் நான் கேக்கேன். அவ மாடுன்னா, அவ முடியக் குடுத்து அவ மாட்ட எழுப்பிக்கிட்டா, நேத்திக்கடன் சரியாப் போச்சு. உன் மாடுன்னா, உன் மாட்டுக்கு அடுத்தவ முடிய அவளக் கேக்காம எடுத்துக் குடுத்திருக்க. அதுக்குப் பேரு காணிக்கையா? ஆத்தா அதக் கணக்குல வச்சிருப்பாளா? அடுத்த மழைக்கும் சோளம் மொளைக்கத்தான் போகுது.”

வேல்சாமி வேறு எதற்கும் பயப்படுகிறவர் இல்லை. இதற்குப் பயந்தார். பருத்திக்கொட்டைக் கையோடு அப்படியே நின்றார். மாடு அவர் கையை நக்கி மிச்சத்தையும் தின்றது. கடைசியில், “உலகு, இங்கன வா” என்று கூப்பிட்டார்.

அவள் ஏற்கெனவே கதவோரம்தான் நின்றிருந்தாள்.

“இது உன் மாடு” என்றார்.

அவள் சந்தோஷப்பட்டு ஓடிவரவில்லை. பத்திரகாளியின் கொண்டையைப் பார்த்தது போலவே அப்பாவை ஏற இறங்கப் பார்த்தாள்.

“சும்மா சொல்லுதீங்களா? நாளைக்கு யாரக் கேட்டு வண்டியில பூட்டுவீங்க?”

“உன்னையத்தான்.”

“வெளிய யாரும் கேட்டாலும் அப்படித்தான் சொல்லுவீங்களா?”

“சொல்லுதேன்.”

“விக்கணும்னா?”

இதற்குத்தான் நேரம் எடுத்தது. வேல்சாமி மாட்டின் கழுத்தைச் சொறிந்துவிட்டுக்கொண்டே, “அதுவும் உன்னக் கேட்டுத்தான்” என்றார். பிறகு மாட்டைப் பார்த்தபடியே, “அன்னைக்கே கேட்டிருக்கணும்” என்றார்.

திங்கட்கிழமை வேன் வந்தபோது உலகம்மாள் வரவில்லை. “எங்க அந்தப் பிள்ள? நல்ல கையாச்சே” என்று செல்லத்துரை கேட்டான். “அதுக்கு மாடு கன்னு பாக்கவே நேரமில்ல. நீ வண்டிய எடுக்கச் சொல்லு” என்று சங்கரம்மாள் அதட்டினாள். ஆனால் பிள்ளை பள்ளிக்கூடம் போவாளா, மறுபடி படுத்துக்கொள்வாளா என்று அவளுக்கும் தெரியாது. அன்று ஹாலில் அவள் வாய் திறக்கவில்லை. பத்திரகாளி இரண்டு தடவை சீண்டிப் பார்த்துவிட்டு, உடம்புக்கு என்ன என்று என்னிடம் வந்து விசாரித்தாள்.

சாயங்காலம் வேனை விட்டு இறங்கியதும் நேரே அண்ணன் வீட்டுக்கு நடந்தாள். நானும் கூடவே போனேன். கோமதியம்மாள் எங்களைப் பார்த்ததுமே ஆரம்பித்துவிட்டாள்.

“மதினி, காலையில நடந்ததக் கேளுங்க. உக்கிரபாண்டியண்ணன் வந்து, பருத்தி ஏத்தணும், மயிலைய ஒரு நாளைக்குக் குடுன்னு கேட்டாவ. இவிய என்ன சொன்னாவ தெரியுமா? எம் மாடு இல்ல, உலகம்மாகிட்டக் கேளுங்கன்னுட்டாவ. அண்ணன் சிரிச்சுக்கிட்டு நிக்காவ, இவிய சிரிக்கல. பெறவு இவகிட்டக் கேக்காம என்ன செய்ய? பக்கத்துல அவிய மகன், அந்தச் சௌந்தரபாண்டியன், பைக்கட்டோட நின்னு பே பேன்னு பாக்கான்.”

“இவ என்ன சொன்னா?”

“ரெண்டு நடைக்கு மேல ஓட்டக்கூடாது, நான் பள்ளிக்கூடத்துலருந்து வரும்போது மாடு தொழுவுல நிக்கணும்னு சொல்லிட்டுப் பையத் தூக்கிட்டுப் போயிட்டா.”

உலகம்மாள் தொழுவில் காளைக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தாள். தலையில் துண்டு இல்லை. சங்கரம்மாள் வேலியோரம் போய் நின்றாள். ரொம்ப சாதாரணமாகக் கேட்க முயன்றாள்.

“என்னட்டி, எதும் சொன்னானுவளா?”

“சொன்னானுவ. மாட்டு மொட்டைன்னுதான் சொன்னானுவ.”

“நீ என்ன சொன்ன?”

“ஆமா, என் மாட்டுக்குத்தான் போட்டேன்னு சொன்னேன். உங்க வீட்டுல உன் பேருக்கு ஒரு கோழிக்குஞ்சாவது இருக்கான்னு சௌந்தரபாண்டியனக் கேட்டேன்.”

“அதுக்கு அவன் என்ன சொன்னான்?”

“ஒண்ணும் சொல்லல. அவிய அய்யாகிட்டக் கேக்கப் போயிருக்கான்.”